எக்குக்கு மரண தண்டனை, மார்ட்டனுக்கு மெடல்: நீர்மூழ்கி வெச்சு சரக்குக் கப்பலை அடிக்கிறதுல சட்டம் எங்க நிக்குது?

நெய்தல்நிலவன்

ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம். இங்க கடல் சரித்திரம் படிக்கிறவங்களும் இருக்கீங்க, கப்பல்ல வேலை பாக்குறவங்களும் இருக்கீங்க, அதனால இங்கயே போடுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ரெண்டு கேப்டன். ஒருத்தர் அமெரிக்க சப்மரைன் வாஹூவோட கேப்டன் மார்ட்டன். 1943 ஜனவரி 26ஆம் தேதி நியூ கினிக்கு வடக்க புயோ மாருங்கிற ஜப்பான் துருப்புக் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடிச்சார். அதோட நிக்கல, மேல வந்து லைஃப்போட்ல ஏறியிருந்தவங்களைப் பாத்து பீரங்கியும் மெஷின்கன்னும் திருப்பினார். இன்னொருத்தர் ஜெர்மன்காரர், யு-852 கேப்டன் எக். 1944 மார்ச் 13 ராத்திரி அட்லாண்டிக்ல பெலியஸ்ங்கிற கிரேக்க சரக்குக் கப்பலை அடிச்சிட்டு, மிதந்துட்டு இருந்த தெப்பம், பலகை எல்லாத்தையும் சுட்டு அழிக்கச் சொன்னார், விடிஞ்சா விமானத்துல இருந்து பாத்தா இங்க ஒரு சப்மரைன் சுத்துதுன்னு தெரிஞ்சிடும், தடயம் இருக்கக்கூடாதுன்னு காரணம். தெப்பத்துல ஆள் இருந்தாங்க. கப்பல்ல இருந்த 35 பேர்ல கடைசில மூணே பேர்தான் உயிரோட மீட்கப்பட்டாங்க.

எக்கை ஹாம்பர்க்ல பிரிட்டிஷ் ராணுவ கோர்ட் விசாரிச்சு, 1945 நவம்பர் 30 அன்னிக்கு சுட்டுட்டாங்க, கூடவே இன்னும் ரெண்டு ஆபீசர், அதுல ஒருத்தர் அந்த சப்மரைனோட டாக்டர். மார்ட்டனுக்கு அந்த ரோந்துக்காகவே நேவி கிராஸ் குடுத்தாங்க.

இதுல நமக்கு வலிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. புயோ மாருல ஜப்பான் சிப்பாய்ங்க மட்டும் இல்ல. மலாயா சிங்கப்பூர் வீழ்ச்சியில பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிங்க, 16ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டோட 2ஆவது பட்டாலியன் ஆளுங்க, 491 பேர் அதுல இருந்தாங்க. செத்தது இந்தியர் 195, ஜப்பானியர் 87. மார்ட்டனுக்கு அவங்க உள்ள இருந்தது தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஆனா தண்ணியில கிடக்குறவனை சுடுறதுங்கிற காரியம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?

என் நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடுறேன். கப்பலை எச்சரிக்காம அடிக்கிறது சரியா தப்பாங்கிற சண்டை நூறு வருஷமா ஓடுது, அதுல எல்லா நாட்டு கையிலயும் கறை இருக்கு. கப்பல் போனதுக்கு அப்புறம் தண்ணியில இருக்குற ஆளை என்ன பண்றோம்ங்கிறதுல மட்டும்தான் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, அதையாவது ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி பிடிக்கணும்ங்கிறேன்.

மதுரை_வக்கீல்

நல்ல இழை நண்பா. பழைய ரூல் என்னன்னு போட்டுடுறேன், இல்லன்னா பாதி பேருக்கு ஏன் இவ்வளவு சண்டைன்னு புரியாது.

பிரைஸ் ரூல்ஸ்னு சொல்லுவாங்க. எதிரி நாட்டு வணிகக் கப்பலா இருந்தாலும் பாத்ததும் சுடக்கூடாது. நிறுத்தச் சொல்லணும், ஆள் அனுப்பி பேப்பர் பாக்கணும், சரக்கு யாரோடது எங்க போகுதுன்னு பாக்கணும், பிடிச்சு துறைமுகத்துக்குக் கொண்டு போகலாம், அதுக்கு வழியில்லன்னா ஆளுங்களைப் பத்திரமா இறக்கிட்டு மூழ்கடிக்கலாம். இதை அழகா செஞ்சு காட்டினது முதல் உலகப்போர்ல வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல எண்ணெய் டேங்க்கை கொளுத்துனதுதான் நம்ம ஊர்ல பேச்சு. அதுக்கு பத்து நாள் முன்னாடி வங்காள விரிகுடாவுல கல்கத்தா பாதையில வரிசையா பிரிட்டிஷ் கப்பலைப் பிடிச்சு மூழ்கடிச்சப்போ, கேப்டன் முல்லர் அந்த மாலுமிங்களை எல்லாம் கபிங்காங்கிற கப்பல்ல ஏத்தி அனுப்பி வெச்சார். கபிங்காவும் பிரிட்டிஷ் கப்பல்தான், ஆனா உள்ள இருந்த சரக்கு அமெரிக்காகாரங்களோடது, அமெரிக்கா அப்போ நடுநிலை, அதனால அதை மூழ்கடிக்கல. சண்டைக்கு நடுவுலயும் சரக்கு யாரோடதுன்னு பேப்பர் புரட்டிப் பாத்திருக்காங்க.

சப்மரைன் வந்தப்போ இந்த ரூல் அதுக்கும் பொருந்துமான்னு கேள்வி வந்துச்சு. முதல் உலகப்போர்ல நடந்த நாசத்துக்கு அப்புறம் 1930 லண்டன் கடற்படை ஒப்பந்தத்துல, அப்புறம் 1936 நவம்பர் லண்டன் புரோட்டோகால்ல தெளிவா எழுதிட்டாங்க, மேல மிதக்குற போர்க்கப்பலுக்கு என்ன ரூலோ அதேதான் சப்மரைனுக்கும். நிறுத்தச் சொல்லியும் நிக்காம ஓடினா, இல்ல எதிர்த்தா, அது மட்டும் விதிவிலக்கு. மத்தபடி ஆளுங்களைப் பத்திரமான இடத்துல விடாம மூழ்கடிக்கக் கூடாது. நடுக்கடல்ல லைஃப்போட்ல இறக்கி விட்டா அது பத்திரமான இடம் ஆகாதுன்னும் சேத்து எழுதியிருக்கு, கரை பக்கத்துல இருந்து கடல் அமைதியா இருந்தாலோ, ஏத்திக்க வேற கப்பல் பக்கத்துல நின்னாலோ மட்டும்தான் ஒத்துக்கலாம். ஜெர்மனியும் அதே 1936ல இதுல சேந்துச்சு.

போர்வியூகம்

வக்கீல் சார் ரூலை சரியா சொன்னீங்க, ஆனா அந்த ரூலை எழுதினவங்க சப்மரைன் உள்ள ஒரு நாளாவது இருந்திருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். ஜெர்மன் டைப் 7 படகுல அம்பது பேர் கிட்ட, படுக்க இடம் இல்லாம ஷிஃப்ட் போட்டு ஒரே பங்க்ல மாத்தி மாத்தி தூங்குவாங்க, இதுல மூழ்கடிச்ச கப்பலோட நாப்பது அம்பது பேரை எங்க ஏத்துறது? அதோட மேல வந்து நின்னா அது ஒரு தகர டப்பா, சின்ன பீரங்கி குண்டு ஒண்ணு அதோட உடம்புல ஓட்டை போட்டா திரும்ப முங்கவே முடியாது.

அந்த பலவீனத்தை பிரிட்டன் தெரிஞ்சே பயன்படுத்துச்சு. கியூ-ஷிப்னு சாதாரண சரக்குக் கப்பல் வேஷம் போட்ட ஆயுதக் கப்பல். 1915 ஆகஸ்ட் 19, ஜெர்மன் சப்மரைன் யு-27 ரூல் படியே நிக்கோசியன்ங்கிற பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தி ஆளுங்களை போட்ல இறக்கிட்டு இருந்துச்சு, அப்போ பாரலாங்ங்கிற கியூ-ஷிப் அமெரிக்கக் கொடியோட பக்கத்துல வந்து, கிட்ட வந்ததும் கொடியை மாத்தி அடிச்சு மூழ்கடிச்சாங்க, நீந்துன ஜெர்மன்காரங்களையும் சுட்டாங்க. ஒருத்தர் மேலயும் கேஸ் இல்ல. ரூல் படி நடந்தவன் செத்தான், அதுக்கப்புறம் எந்த ஜெர்மன் கேப்டன் மேல வந்து நிறுத்தி பேப்பர் பாப்பான் சொல்லுங்க.

1915ல ஜெர்மன் சப்மரைன் அடிச்ச பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் லூசிடானியா பத்தி எல்லாருக்கும் தெரியும், ஒரே டார்பிடோ, 18 நிமிஷம், 1,198 பேர், அதுல துப்பாக்கி தோட்டாவும் இருந்துச்சு. நான் சொல்ல வர்றது அந்த ஒரு கப்பல் இல்ல. வணிகக் கப்பல்ல பீரங்கி வெச்சுட்டு, சப்மரைனைப் பாத்தா மோதச் சொல்லி உத்தரவு குடுத்துட்டு, ரெண்டாவது போர்ல பாத்த உடனே ரேடியோவுல இடத்தை சொல்லணும்னு உத்தரவு போட்டுட்டு, அப்புறம் இது அப்பாவிக் கப்பல்னு சொன்னா எப்படி?

இன்ஜின்ரூம்

நான் கப்பல்ல இன்ஜினியரா பல வருஷம் ஓடினவன், அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன் போர்வியூகம் தம்பி. பீரங்கி வெச்சது அட்மிரால்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை. ரேடியோ உத்தரவு போட்டதும் அட்மிரால்டி. கீழ பாய்லர்ல கரி அள்ளிப் போட்டவன்கிட்ட யாரும் கேக்கல. டார்பிடோ அடிக்கிறவன் கப்பலோட நடுவுல, இன்ஜின் ரூம் கிட்டதான் குறி வெப்பான், அங்க பட்டாதான் கப்பல் நிக்கும். அந்த நேரத்துல வாட்ச்ல இருக்குறவன் ஏணி வரைக்கும் கூட வர மாட்டான், நீராவிக் குழாய் வெடிச்சு அங்கயே முடிஞ்சிடும்.

பிரிட்டிஷ் கப்பல்கள்ல அந்த வேலையில பெரிய பங்கு லஸ்கர்னு சொல்ற நம்ம இந்திய மாலுமிங்க, சில்ஹெட், குஜராத், கோவா, பஞ்சாப்னு பல இடத்துல இருந்து. வெள்ளைக்கார மாலுமி சம்பளத்துல ஒரு பங்குதான் இவங்களுக்கு. ரெண்டாம் உலகப்போர்ல இந்திய மாலுமிங்க ஆறாயிரத்துக்கு மேல செத்திருக்காங்க. 1939ல போர் ஆரம்பிச்சதும் சம்பளம் கூட்டிக் குடுத்தாதான் கப்பல் ஏறுவோம்னு பிரிட்டிஷ் துறைமுகங்கள்ல லஸ்கருங்க நின்னாங்க, பல பேரை ஜெயில்ல போட்டாங்க. இவங்களை போர் வீரன்னு எந்தக் கணக்குல சேக்குறது? துப்பாக்கியும் இல்ல, ஓட்டுரிமையும் இல்ல, அந்தப் போர் அவங்க போரே இல்ல.

மீனாள்

இன்ஜின்ரூம் அண்ணே சொன்னதுல ஒண்ணு சேக்கணும். சிட்டி ஆஃப் பெனாரஸ். 1940 செப்டம்பர் 17 ராத்திரி யு-48 அடிச்சது. கனடாவுக்கு பத்திரமா அனுப்பின 90 பிள்ளைங்க அதுல இருந்தாங்க, 77 பேர் போயிட்டாங்க. அந்தக் கதை இங்கிலாந்துல எல்லாருக்கும் தெரியும், அதே கப்பல்ல நூறு லஸ்கர் கிட்ட செத்தது யாரும் சொல்றதில்ல. குளிர் அட்லாண்டிக்ல பருத்தி சட்டையோட லைஃப்போட்ல உக்காந்தே விறைச்சுப் போனவங்க அவங்க.

அப்புறம் நெய்தல்நிலவன், நீங்க தண்ணியில இருக்குறவனை சுடுறது பத்தி மட்டும் பேசுறீங்க. எனக்கு அதை விட பெரிய கேள்வி இருக்கு. இந்த யுத்தமே ஒரு நாட்டைப் பட்டினி போடுறதுக்குத்தானே? ஜெர்மனி சப்மரைன் வெச்சு பிரிட்டனை பட்டினி போடப் பாத்துச்சு, பிரிட்டன் அதுக்கு முன்னாடியே வட கடலை மறிச்சு சாப்பாட்டையும் தடைப் பொருள்ல சேத்து ஜெர்மனியைப் பட்டினி போட்டுச்சு. அதுல செத்த சாதாரண ஜனங்க எத்தனைங்கிறதுல ஆய்வாளருங்களுக்குள்ள வித்தியாசம் இருக்கு, ஆனா குறைஞ்ச கணக்கே நாலு லட்சத்துக்கு மேல போகுது. அதுல ஒரு லைஃப்போட்டையும் யாரும் சுடல, பேப்பர் பாத்து கப்பலைத் திருப்பி அனுப்பினதுதான். கைக்குழந்தைக்கு பால் இல்லாம பண்ணவன் நல்லவன், டார்பிடோ போட்டவன் கெட்டவனா?

போர்வியூகம்

மீனாள் அக்கா கரெக்ட்டான இடத்துல கை வெச்சீங்க. அதனாலதான் இதை வியூகமா பாக்கணும்ங்கிறேன், அதுல ஜெர்மனி தோத்த கதைதான் ரொம்ப முக்கியம்.

1916 டிசம்பர் 22, ஜெர்மன் கடற்படை தலைமை அதிகாரி ஹோல்ட்ஸென்டார்ஃப் ஒரு அறிக்கை எழுதினார். மாசம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடிச்சா அஞ்சே மாசத்துல பிரிட்டன் கையைத் தூக்கிடும், அமெரிக்கா போருக்கு வந்தாலும் அதுக்குள்ள முடிஞ்சிடும்னு. அந்த வருஷம் உலகத்துல கோதுமை விளைச்சல் மோசம், அதை எல்லாம் சேத்து கணக்குப் போட்டிருந்தாங்க. சான்சலர் பெத்மான் ஹோல்வெக் வேணாம்னார், 1917 ஜனவரி 9 பிளெஸ்ல நடந்த கூட்டத்துல ஜெர்மன் பேரரசர் கைஸர் ஒத்துக்கிட்டார், பிப்ரவரி 1ல இருந்து எச்சரிக்கை இல்லாம அடி. ஏப்ரல்ல மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கு மேல போச்சு, அதாவது கேட்ட கணக்கை விடவே ஜாஸ்தி! ஆனா அதே ஏப்ரல் 6 அமெரிக்கா போர் அறிவிச்சிடுச்சு, மே மாசம் பிரிட்டன் கன்வாய் ஆரம்பிச்சிடுச்சு, அதாவது போர்க்கப்பல் காவலோட சரக்குக் கப்பலுங்க கூட்டமா போறது, கன்வாய்ல போன கப்பல் நூத்துல ஒண்ணு கூட விழல. டன் கணக்கு சரி, மனுஷன் கணக்கு தப்பு. எதிராளி சும்மா பாத்துட்டு நிப்பான்னு நெனச்சுப் போட்ட கணக்கு அது.

கன்வாய் ஏன் வேலை செஞ்சதுன்னா கடல் அவ்வளவு பெருசு, நாப்பது கப்பல் தனித்தனியா போனா நாப்பது தடவை கண்ணுல படலாம், சேந்து போனா ஒரு தடவைதான் படும், பட்டாலும் ஒரு சப்மரைன் ரெண்டு மூணை அடிக்கும் மிச்சம் தாண்டிப் போயிடும், கிட்ட வந்தா எஸ்கார்ட், அதாவது காவல் கப்பல், பிடிச்சுக்கும். இத்தனை நாள் ஏன் பண்ணலன்னா, வாரத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு கப்பல் வந்து போகுது எப்படிக் காவல் குடுக்குறதுன்னு அட்மிரால்டியே நம்பிட்டு இருந்துச்சு, அந்தக் கணக்குல கரையோரம் ஓடுற குட்டிக் கப்பலும் சேத்தி. ஹெண்டர்சன்னு ஒரு ஆபீசர் உக்காந்து பிரிச்சுப் பாத்தா பெருங்கடல் தாண்டுற கப்பல் நூத்துச் சொச்சம்தான்.

இதே வியூகத்துல ரெண்டாவது போர்ல ஜெயிச்சது யாருன்னா அமெரிக்காதான். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர்ல இன்னும் புகை அடங்கல, அதுக்குள்ள ஜப்பான் மேல கட்டுப்பாடு இல்லாத சப்மரைன் போர் நடத்துன்னு உத்தரவு போயிடுச்சு. எந்த நாடு 1917ல இதே காரணத்துக்காகப் போருக்கு வந்துச்சோ அதே நாடு. ஆரம்பத்துல மார்க் 14 டார்பிடோ வெடிக்கவே மாட்டேன்னுச்சு, ரொம்ப ஆழத்துல போச்சு, பட்டாலும் வெடிக்க வைக்கிற ஊசி நசுங்கிப் போச்சு, 1943 செப்டம்பர் வாக்குலதான் எல்லாம் சரியாச்சு. மொத்தப் போர்லயும் ஜப்பான் வணிகக் கப்பல் இழப்புல பாதிக்கு மேல சப்மரைன் கணக்குதான், கிட்டத்தட்ட 48 லட்சம் டன். ஜப்பான் எஸ்கார்ட்டுக்குன்னு தனி தலைமையகம் அமைச்சதே 1943 நவம்பர்ல. அமெரிக்கா பக்கம் 52 சப்மரைன், மூவாயிரத்து ஐநூறு ஆள் இழப்பு. ஜெர்மன் பக்கம் ரெண்டாவது போர்ல சப்மரைன்ல போன நாலு பேர்ல மூணு பேர் திரும்பி வரல, அதோட பாத்தா அமெரிக்காவுக்கு இது ரொம்ப மலிவான வெற்றி.

கொழும்புத்துறையான்

போர்வியூகம் தம்பி, மலிவு எண்டு சொல்லேக்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்த 48 லட்சம் தொன்னுக்குள்ள ஆர் ஆர் இருந்தவை எண்டு பாக்கவேணும். 1944 ஓகஸ்ட் 22, சுஷிமா மாரு, ஒக்கினாவாவில இருந்து பள்ளிக்கூடப் பிள்ளையளை பாதுகாப்புக்காக வெளிய கொண்டு போன கப்பல், அமெரிக்க சப்மரைன் போஃபின் அடிச்சுது, எழுநூறுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளையள் போட்டினம். அடுத்த மாதம் 18ஆம் திகதி சுமாத்திரா பக்கம் ஜுன்யோ மாரு, அது பிரிட்டிஷ் சப்மரைன் ட்ரேட்விண்ட் அடிச்சது, உள்ள இருந்தவை ஜாவாக் கூலித் தொழிலாளியளும் போர்க்கைதியளும், அஞ்சாயிரத்துக்கு மேல செத்தவை. ரெண்டு கப்பலிலயும் அடிச்ச கேப்டனுக்கு உள்ள ஆர் எண்டு தெரியாது, ஜப்பான்காரன் வெளியில அடையாளம் ஒண்டும் போடேல்லை. பாத்தவுடன அடி எண்ட உத்தரவு வந்தா தெரிஞ்சு கொள்ளுற வழியே இல்லாமப் போகுது, வக்கீல் ஐயா சொன்ன அந்த பேப்பர் பாக்கிற ரூல் இருந்தது இதுக்குத்தானே.

எங்கட பக்கக் கடலிலும் நடந்தது. 1944 மார்ச் 26, சிசலாக் எண்ட டச்சுக் கப்பல், மெல்பேர்னில இருந்து கொழும்புக்கு கோதுமை மா ஏத்திக்கொண்டு வந்தது. ஜப்பான் சப்மரைன் ஐ-8 அடிச்சு மூழ்கடிச்சுப்போட்டு, ஆக்களை சப்மரைன் தட்டுக்கு ஏத்தி, கட்டிப்போட்டு, வாளாலயும் சம்மட்டியாலயும் கொலை செய்தவங்கள். நூறுக்கு மேல இருந்தவையில அஞ்சு பேர்தான் தப்பினது, அதில ஒராள் இந்திய லஸ்கர். அதே வருசம் பெப்ரவரி 12, கெடிவ் இஸ்மாயில், மொம்பாசாவில இருந்து கொழும்புக்கு துருப்பு ஏத்தி வந்தது, மாலைதீவுக்குக் கிட்ட ஐ-27 அடிச்சு ரெண்டு நிமிசத்தில தாண்டு போச்சு, ஆயிரத்து முன்னூறு பேர் கிட்ட. தாதிமாரும் இருந்தவை. அது துருப்புக் கப்பல், சட்டப்படி இலக்குதான், நான் மறுக்கேல்லை. ஆனா சப்மரைன் தண்ணியில தத்தளிச்ச ஆக்களுக்குக் கீழயே ஒளிச்சுக்கொண்டு நிண்டது. பிரிட்டிஷ் நாசகாரி பெட்டார்ட் அந்த ஆக்களுக்கு நடுவில டெப்த் சார்ஜ், தண்ணிக்குள்ள வெடிக்கிற குண்டு, போட்டுது, தன்ர ஆக்களுக்கு மேலயே. விட்டா மிச்சக் கப்பலையும் அடிக்கும் எண்ட நிலை. அந்த கேப்டன்ர இடத்தில நான் நிண்டிருந்தா என்ன செய்திருப்பன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை.

நெய்தல்நிலவன்

அண்ணை, பெட்டார்ட் விஷயம் நான் சொன்ன கோட்டுக்கு பெரிய சோதனைதான். ஆனா அங்க குறி சப்மரைன், ஆளுங்க நடுவுல மாட்டிக்கிட்டாங்க. மார்ட்டனும் எக்கும் நீந்துறவனையே குறி வெச்சாங்க. அந்த வித்தியாசத்தை நான் விட மாட்டேன்.

லக்கோனியா கதையை சொல்லாம இந்த இழை முடியாது. 1942 செப்டம்பர் 12, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் ஜெர்மன் சப்மரைன் யு-156 கேப்டன் ஹார்ட்டன்ஸ்டைன் லக்கோனியாங்கிற பெரிய பிரிட்டிஷ் கப்பலை அடிச்சார். தண்ணியில இத்தாலி பாஷையில கூச்சல். உள்ள ஆயிரத்து எண்ணூறு கிட்ட இத்தாலியப் போர்க்கைதிங்க, அவங்க பக்கத்து ஆளுங்களே. உடனே தூக்க ஆரம்பிச்சார், பிரிட்டிஷ்காரன், பெண்கள், குழந்தை எல்லாரையும். மறைகுறி இல்லாம ஆங்கிலத்துலயே ரேடியோவுல அறிவிச்சார், உதவிக்கு வர்ற எந்தக் கப்பலையும் என்னைத் தாக்காத வரைக்கும் நான் தாக்க மாட்டேன்னு. யு-506, யு-507, ஒரு இத்தாலிய சப்மரைன் எல்லாம் வந்துச்சு. மேல்தட்டு நிறைய ஆளு, பின்னாடி லைஃப்போட்டுங்களை கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாங்க, செஞ்சிலுவைத் துணி விரிச்சிருக்கு. 16ஆம் தேதி அசென்ஷன் தீவுல இருந்து வந்த அமெரிக்க பி-24 குண்டு போட்டுச்சு. வேற வழியில்லாம ஆளுங்களைத் திரும்பத் தண்ணியில விட்டுட்டு முங்கினார். மறுநாள் ஜெர்மன் சப்மரைன் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு, இனி எந்தக் கப்பல் ஆளையும் காப்பாத்தாதே.

அந்த யு-507 யாருன்னு பாருங்க. ஒரு மாசம் முன்னாடிதான் பிரேசில் கரையோரமா சில நாள்ல வரிசையா பிரேசில் கப்பல்களை அடிச்சு அறுநூறு பேர் கிட்ட கொன்னது, அதனாலதான் ஆகஸ்ட் 22 பிரேசில் போருக்கு வந்துச்சு. அதே கேப்டன், அதே படகு, செப்டம்பர்ல நடுக்கடல்ல ஆளுங்களுக்கு சூப்பு குடுத்துட்டு இருந்துச்சு. தண்ணியில கிடக்குறவனை நேர்ல பாத்தா மனுஷன் மாறுறான், அவங்களுக்கும் முடிஞ்சது. சப்மரைனால காப்பாத்தவே முடியாதுங்கிற வாதத்தை நான் முழுசா ஏத்துக்காததுக்கு இதுதான் காரணம்.

மதுரை_வக்கீல்

டோனிட்ஸ்னு சொன்னதும், போருக்கு அப்புறம் ஜெர்மன் தலைவருங்களை விசாரிச்ச நியூரம்பர்க் கோர்ட்டைப் பத்தி எழுதியே ஆகணும், ஏன்னா அந்தத் தீர்ப்பை அரைகுறையா நிறைய பேர் சொல்றாங்க, "டோனிட்ஸ் சப்மரைன் போருக்காக ஜெயிலுக்குப் போனார்"னு. அது உண்மை இல்ல.

அவரோட வக்கீல் கிரான்ஸ்ப்யூலர், கடற்படை நீதித்துறை ஆபீசர், யூனிஃபார்ம்லயே கோர்ட்ல நின்னவர். அவர் போட்ட மூவ் சட்டம் படிக்கிற எல்லாரும் பாக்கணும். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்கு எழுத்துல கேள்வி அனுப்ப அனுமதி வாங்கினார். நிமிட்ஸ் நேர்மையா பதில் குடுத்தார், போர் ஆரம்பிச்ச முதல் நாள்ல இருந்தே பசிபிக்ல கட்டுப்பாடு இல்லாமதான் நடத்தினோம், சப்மரைனுக்கு ஆபத்துன்னா ஆளுங்களைக் காப்பாத்துறது வழக்கம் இல்லன்னு. பிரிட்டன் பக்கத்துல 1940 மே 8 உத்தரவு இருந்துச்சு, டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நடுவுல இருக்குற ஸ்காகராக் கடல்ல எந்தக் கப்பலைப் பாத்தாலும் மூழ்கடின்னு.

கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, ஆயுதம் வெச்சு கடற்படையோட சேந்து ஓடின பிரிட்டிஷ் வணிகக் கப்பலை எச்சரிக்காம அடிச்சதுக்கு டோனிட்ஸ் குற்றவாளி இல்ல. ஆனா ஒரு கடல் பகுதியையே போர் மண்டலம்னு அறிவிச்சு நடுநிலை நாட்டுக் கப்பலை எச்சரிக்காம அடிச்சது 1936 புரோட்டோகால் மீறல். காப்பாத்தாதேங்கிறதுக்கு ஒரு வரி வருது, என்னைப் பொறுத்தவரை தீர்ப்போட உயிரே அதுதான்: காப்பாத்த முடியலன்னா புரோட்டோகால் படி அந்தக் கப்பலை மூழ்கடிக்கவே கூடாது, சும்மா போக விடணும். லக்கோனியா உத்தரவு கொலை உத்தரவுன்னு நிச்சயமா நிரூபிக்கப்படல, ஆனா ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி இருந்துச்சு, கடுமையா கண்டிக்கணும்னு சொன்னாங்க. கடைசில நிமிட்ஸ் பதிலையும் பிரிட்டிஷ் உத்தரவையும் காரணம் காட்டி, சப்மரைன் போர்ச் சட்டத்தை மீறினதை வெச்சு தண்டனையை அளக்கலன்னு எழுதிட்டாங்க. அவருக்குக் கிடைச்ச பத்து வருஷம் வேற குற்றங்களுக்கு.

ஆக சட்டம் மீறப்பட்டதுன்னு சொல்லியாச்சு, தண்டனை மட்டும் இல்ல. ரெண்டு பக்கமும் செஞ்சாலும் சட்டம் செத்துப் போகாதுன்னு கோர்ட் சொன்னதா நான் படிக்கிறேன்.

போர்வியூகம்

சரி சார், ஆனா மார்ட்டனுக்கும் ஒரு தரப்பு இருக்கு. போட்ல இருந்தவங்க சிப்பாய்ங்க, கரை ஏறினா நியூ கினியில துப்பாக்கி தூக்கப் போறவங்க, அங்க இருந்து எங்க மேலயும் சுட்டாங்கன்னு அவரோட ரிப்போர்ட்லயே இருக்கு. பெலியஸ் ஆளுங்க நிராயுத மாலுமிங்க, எக் அழிச்சது தடயத்தை. ரெண்டையும் ஒரே தராசுல வெக்கலாமா?

நெய்தல்நிலவன்

வெக்கலாம், எடை ஒண்ணா வராமப் போகலாம், ஆனா தராசுல வெக்கவே இல்லங்கிறதுதான் என் கோவம். எக்குக்கு கோர்ட்ல வக்கீல் இருந்தார், சாட்சி இருந்துச்சு, அவரோட படகு சோமாலியா கரையில தட்டினப்போ பிடிபட்ட பதிவேடு இருந்துச்சு. மார்ட்டன் போட்ல இருந்து சுட்டாங்கன்னு சொன்னா, அது பதிலுக்கா இல்ல முன்னாடியா, யாரு சுட்டா, எல்லா போட்லயும் துப்பாக்கி இருந்துச்சான்னு ஒருத்தர் உக்காந்து விசாரிச்சிருக்கணும். 195 இந்தியர் கையில என்ன துப்பாக்கி? பதிலா, எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டோம்னு காட்ட பெரிஸ்கோப்ல துடைப்பம் கட்டி வந்தவங்களுக்கு பேர்ல் ஹார்பர்ல வரவேற்பு. மார்ட்டனும் அதே வருஷம் அக்டோபர்ல ஜப்பான் பக்கம் வாஹூவோட மொத்த ஆளுங்களோட போயிட்டார், அதனால அப்புறம் கேக்கவும் ஆள் இல்ல.

அமெரிக்காவால தன் கேப்டனை விசாரிக்க முடியாதுன்னும் இல்ல. 1945 ஏப்ரல் 1, ஆவா மாரு, போர்க்கைதிங்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டு போகுறதுக்காக அமெரிக்காவே பாதுகாப்பு உறுதி குடுத்த கப்பல். மூடுபனியில குவீன்ஃபிஷ் அடிச்சுது, ரெண்டாயிரம் பேர்ல ஒருத்தர்தான் பிழைச்சார். கேப்டன் லாஃப்லினை கோர்ட் மார்ஷல் பண்ணாங்க. கிடைச்சது ஒரு கண்டனக் கடிதம்தான், ஆனா விசாரணை நடந்துச்சு. மனசு வெச்சா முடியும்.

மதுரை_வக்கீல்

இதுக்கு இன்னும் பழைய உதாரணம் ஜெர்மனியே இருக்கு. 1918 ஜூன் 27, லேண்டவரி கேஸில்ங்கிற கனடா மருத்துவக் கப்பலை யு-86 அடிச்சு, தடயம் இல்லாம பண்ண லைஃப்போட்டுங்களையும் சுட்டாங்க, 234 பேர் செத்தாங்க, 24 பேர் மிஞ்சினாங்க. 1921ல லைப்சிக்ல ஜெர்மன் நீதிபதிங்களே தங்கள் ஆபீசர் ரெண்டு பேரை குற்றவாளின்னாங்க. மேலிடத்து உத்தரவுன்னு சொன்னது எடுபடல, தண்ணியில நிராதரவா கிடக்குறவனைக் கொல்றது தப்புன்னு எந்த ஆபீசருக்கும் தெரியும்னுட்டாங்க. தண்டனை நாலு வருஷம், அதையும் முழுசா அனுபவிக்கல, கேப்டன் பாட்ஸிக் கையில சிக்கவே இல்ல. ஆனா பெலியஸ் வழக்குல அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டினாங்க. ஒழுங்கா எழுதின தீர்ப்பு இருபத்தி நாலு வருஷம் கழிச்சும் வேலை செய்யுது.

இன்ஜின்ரூம்

எல்லாம் படிச்சேன், கண்ணு கலங்குது. என் கேள்வி இன்னிக்கு பத்தினது. நான் ஓடின கப்பல்ல கொடி லைபீரியா, ஓனர் கிரீஸ், வாடகைக்கு (சார்ட்டர்) எடுத்தவன் வேற நாடு, சரக்கு இன்னொரு நாடு, க்ரூ பாதி பிலிப்பைன்ஸ் பாதி நம்ம ஆளுங்க. நாளைக்கு ரெண்டு நாடு அடிச்சுக்கிட்டா இந்தக் கப்பல் யாருக்கு எதிரி? சப்மரைன்காரன் எதைப் பாத்து முடிவு பண்ணுவான்? வக்கீல் சார் சொல்லுங்க.

மதுரை_வக்கீல்

1936 புரோட்டோகால் ரத்தாகல, இன்னும் இருக்கு. அதுக்கு மேல 1994ல நிபுணருங்க சேந்து எழுதின சான் ரெமோ கையேடுன்னு ஒண்ணு இருக்கு, ஒப்பந்தம் இல்ல, ஆனா கடற்படைங்க எல்லாம் அதைப் புரட்டிப் பாக்குது. அதுல முதல் அடையாளம் கொடிதான். எதிரி நாட்டுக் கொடி பறந்தா எதிரிக் கப்பல்னு முடிஞ்சுது, நடுநிலைக் கொடின்னா முதல் பார்வைக்கு நடுநிலை, மாத்தி நிரூபிக்கலாம். எதிரி வணிகக் கப்பலே ஆனாலும் சும்மா அடிக்க முடியாது. எதிரி போர்க்கப்பல் காவலோட கன்வாய்ல போனா, எதிரிக்கு உளவுத் தகவல் குடுத்தா, நிறுத்தச் சொல்லி நிக்கலன்னா, போர்க்கப்பலுக்கே சேதம் பண்ற ஆயுதம் வெச்சிருந்தா, ராணுவ நடவடிக்கைக்கு உண்மையா பங்களிச்சா, இப்படி ஏதாவது இருந்தாதான் இலக்கு. இந்தக் கடைசி ஒண்ணுல வம்பு இருக்கு, எண்ணெய் ஏத்துமதி பணத்துலதான் போர் நடக்குது அதனால டேங்கரும் இலக்குன்னு அமெரிக்கக் கடற்படை விளக்கம் போகுது, பல நாடு ஒத்துக்கல.

தண்ணியில விழுந்த ஆளுக்கு இப்போ 1949 ரெண்டாவது ஜெனீவா ஒப்பந்தம் இருக்கு, வணிகக் கப்பல் மாலுமியும் அதுல வர்றான். ஒவ்வொரு மோதலுக்கு அப்புறமும் முடிஞ்ச எல்லா வழியிலயும் தேடி எடுக்கணும்னு 18ஆவது பிரிவு. தன்னால தூக்க முடியலன்னா, இடத்தையாவது பக்கத்துல இருக்குற கப்பலுக்கோ கரைக்கோ சொல்றது கூட அந்த "முடிஞ்ச வழி"ல அடங்கும்னு விளக்கம் குடுக்குறாங்க.

இன்ஜின்ரூம்

அப்போ கன்வாய்ல சேந்தா காவல் கிடைக்கும், ஆனா சட்டப்படி நான் இலக்கு. தனியா போனா சட்டம் என் பக்கம், காவல் இல்ல. அந்த முடிவை எடுக்குறது கம்பெனி, கேப்டனுக்கு கூட முழு அதிகாரம் இல்ல.

எங்க கையில இருக்குற ஒண்ணே ஒண்ணை சின்னப் பசங்களுக்காக இங்க போட்டு வெக்கிறேன். ஐடிஎஃப்ங்கிற சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தோட ஒப்பந்தம் இருக்குற கப்பல்னா, ஒரு கடல் பகுதியை போர் நடவடிக்கைப் பகுதின்னு அறிவிச்சிட்டா அங்க போக மாட்டேன்னு சொல்ல மாலுமிக்கு உரிமை இருக்கு, கம்பெனி செலவுலயே ஊருக்கு அனுப்பணும், போனா அந்த நாளுக்கு அடிப்படை சம்பளம் இரட்டிப்பு, செத்தா ஊனமானா நஷ்டஈடும் இரட்டிப்பு. செங்கடல்ல ஹவுதி ஏவுகணை வந்தப்போ இது நடைமுறைக்கு வந்துச்சு. 1939ல லஸ்கருங்க கேட்டு ஜெயிலுக்குப் போன விஷயத்துல பெரிய பங்கு இது. ஆனா ஒப்பந்தம் இல்லாத கப்பல்ல, ஏஜெண்டுக்குக் காசு கட்டி முதல் கான்ட்ராக்ட்ல ஏறுற பையனுக்கு இது எதுவும் தெரியாது, தெரிஞ்சாலும் அடுத்த கப்பல் கிடைக்காதுன்னு வாயைத் திறக்க மாட்டான். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்ல அந்த ஷரத்து இருக்கான்னு பாருங்கப்பா, இல்லன்னா ஏஜெண்டுகிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க.